இரு மருந்து சேர்ந்தால் இரட்டைப் பலனா?

இரைப்பைக்குப் பின்னால், ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளத்தில் மறைந்திருக்கும் சுரப்பி சதையி. இன்சுலினையும் சமிபாட்டு நொதியங்களையும் தருவது அதுவே. ஆழத்தில் இருப்பதால், அங்கே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் பரவிய பின்னரே தெரியவருகிறது. அந்நிலையில் சத்திரசிகிச்சை பெரும்பாலும் பயன்தராது. மருந்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

"புற்றுக் கலத்தைக் குறிபார்த்துத் தாக்கும் மருந்துகள் வந்திருக்காமே, இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் சுகமாகாதா?" என்று கொட்டாஞ்சேனையிலுள்ள என் சாச்சி கேட்டார். உயிரியல் மாணவியான என்னைத் தேடி வாசிக்க வைத்தது அக்கேள்விதான்.

சதையிப் புற்றுநோயாளர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் புற்றுக் கலங்களில் 'கேராஸ்' என்னும் பரம்பரையலகு விகாரமடைந்திருக்கிறது. கலத்தைப் பெருகச் சொல்லும் ஆளி அது. விகாரமடைந்தால் அணையாது. அதன் கட்டளை பல பாதைகளில் செல்கிறது. 'மெக்', 'ஏகேடி' ஆகிய புரதங்கள் அவற்றுள் இரண்டு பாதைகளில் உள்ளன. வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலானால் வாகனங்கள் மரைன் டிரைவுக்குத் திரும்புவதில்லையா? அதுபோல ஒரு பாதையை அடைத்தால் கட்டளை மற்றதால் போய்விடும்.

ஆகவே இரண்டையும் அடைத்துப் பார்த்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். 2017இல் வெளியான அந்தச் சோதனையில், முதல் மருந்து பலனளிக்காத 120 நோயாளர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு செலுமெற்றினிப், எம்கே-2206 என்ற இரு மருந்துகள். மற்றதற்கு வழமையான இரசாயனச் சிகிச்சை. இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப்பேர் கடந்து வாழ்ந்த காலம், புதிய சேர்க்கை பெற்றோருக்கு 3.9 மாதங்கள், வழமைச் சிகிச்சை பெற்றோருக்கு 6.7 மாதங்கள். கடும் பக்கவிளைவுகளும் புதிய சேர்க்கையிலேயே அதிகம். நலமான கலங்களும் இதே பாதைகளை நம்பித்தான் வாழ்கின்றன.

2007இல் வெளியான இன்னொரு சோதனையில் 569 பேர் பங்குபற்றினர். ஜெம்சிற்றபினுடன் எர்லொற்றினிப் சேர்த்ததும் இடைநிலை ஆயுள் 5.91 மாதங்களிலிருந்து 6.24 மாதங்களானது. கூடியது சுமார் பத்து நாட்கள்.

சேர்க்கையே வீண் என்பதல்ல இதன் பொருள். மெலனோமா என்னும் தோற்புற்றுநோயில் இத்தகைய இரட்டை மருந்து நல்ல பலன் தந்திருக்கிறது. கேராஸையே நேரடியாகப் பிடிக்கும் மருந்துகளும் இப்போது சோதிக்கப்படுகின்றன. ஆனால் தாளில் சரியாகத் தோன்றும் யோசனை உடலிலும் சரியா என்பதைச் சோதனைதான் சொல்லும்.

ஆகவே பெற்றோரே, தோழியரே, 'புதிய மருந்து' என்ற செய்தி கைபேசிக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? எவ்வளவு காலம், எப்படி வாழ்ந்தார்கள்? விடை தெரியும்வரை வைத்தியர் தரும் சிகிச்சையைக் கைவிடாதீர்கள். காரணமின்றி எடை குறைதல், கண் மஞ்சளாதல், ஓயாத முதுகுவலி ஆகியவற்றைக் கண்டால் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.