கெண்டையும் ஜிலேபிக் கெண்டையும்

ஒரே பெயர் பெற்றவை யாவும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. இங்கிலீஷில் ‘சூரிய மீன்’ என்னும் பெயர் ஒரு டன்னுக்கு மேலும் நிறையுள்ள கடல் மீன் ஒன்றுக்கும், அமெரிக்கக் குளங்களில் வாழும் கையகல மீன்களுக்கும் வழங்கி வருகின்றது. இவ்விரண்டிற்கும் யாதோர் உறவுமில்லை. நம் பக்கத்தில் ‘கெண்டை’ என்னும் பெயரும் அத்தகையதே. சூலூர்ப் பெரியகுளம், சின்னக்குளம் முதலிய நொய்யல் குளங்களை அடுத்த தோட்டங்களில் குட்டை வெட்டி மீன் வளர்க்க முற்படும் குடியானவர், இவ்வேற்றுமையை அறியாவிடில் நஷ்டமடைய நேரிடும்.

மெய்யான கெண்டைகளுள் கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிநீரிலும் இரை தேடும். ஆகையால் மூன்றையும் சேர்த்து விடின் ஒன்றின் இரையை மற்றொன்று அபகரியாது. இவை தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. 1957ஆம் ஆண்டில் ஹீராலால் சௌத்ரி என்பார் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாரத்தை ஊசி மூலம் செலுத்தி இவ்வகை மீன்களை முட்டையிடச் செய்தார். அம்முறையினாலேயே குஞ்சுகள் பண்ணைகளில் தாராளமாய்க் கிடைக்கலாயின.

ஜிலேபிக் கெண்டையோ கெண்டைக் குடும்பமே அன்று. ஆப்பிரிக்காவிற்கு உரிய இம்மீன் 1952இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலடக்கிக் காப்பதால் அவை சேதமின்றிப் பிழைக்கின்றன. இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கம் தொடங்குகின்றது. விரைவில் குட்டை முழுதும் நெருங்கி, இரை போதாது யாவும் சிறுத்துவிடும். உடனிருக்கும் கட்லா, ரோகுவும் வளர்ச்சி குன்றும்.

அந்நிய மீனால் விளையும் கேட்டிற்கு ஜப்பான் தேசமும் சாட்சியாகும். 1960இல் சிக்காகோவில் அன்பளிப்பாய்ப் பெற்ற சூரிய மீன் வகையொன்றை அப்போதைய பட்டத்திளவரசர் அக்கிஹித்தோ கொண்டு சென்றார். அது பீவா ஏரி வரை பரவிச் சுதேச மீன்களை நலித்தது. சக்கரவர்த்தியான பின் 2007இல் அவரே அதற்காக வருந்தினார்.

குஞ்சு வாங்குங்கால் முதுகுத் துடுப்பைக் கவனிக்க வேண்டும். ஜிலேபியின் துடுப்பில் முன்பாகம் முழுதும் கூர்முட்கள் வரிசையாயிருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் துடுப்பு மெத்தென்றிருக்கும். குட்டையை முன்னதாக வற்றவிட்டுச் சேறு வெடிக்கும்படி காயப்போடுதலும், வாய்க்காலிலிருந்து நீர் புகுமிடத்தில் நெருங்கிய கண்ணுடைய வலை கட்டுதலும் அவசியம். ஜிலேபியையே பண்ணை முறையில் வளர்க்க விரும்புவோர் முன்கூட்டியே அரசாங்க அனுமதி பெறுதல் வேண்டும்.