தேனீயின் ஆண்டு – 7: கார்த்திகை மழையில் புதுக்குடி

தேனீக் கூட்டம் ஒன்றைப் புதிய பெட்டியில் குடியேற்றும் வேலை, வளர்ப்பவருக்கு ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. கூட்டத்தின் பாடு அதன் பிறகுதான் தொடங்குகிறது. பழைய கூட்டில் அதற்கு மெழுகால் கட்டிய அறைகளின் தொகுதியான அடைகள் இருந்தன. அடையின் மேல் விளிம்பில் தேனும், அதையொட்டி மகரந்தமும், கீழே முட்டையும் புழுவும் இருந்தன. புதிய பெட்டியில் வெறும் சட்டங்களே தொங்குகின்றன. மெழுகு சுரந்து அடை கட்டும் வரையில் இராணி முட்டையிடவும் இடமில்லை, வந்த தேனைச் சேர்த்து வைக்கவும் இடமில்லை. ஒரு கிலோ மெழுகு சுரப்பதற்குத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ வரை தேன் உண்ண வேண்டியிருக்கிறது என்பது தேனீ நூல்களில் வழங்கும் மதிப்பீடு. ஆக, கையிருப்பே இல்லாத ஒரு குடும்பம் வீடு கட்டும் செலவையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ளும் நிலை இது. அந்த வாரத்தில் பூவும் இல்லை, வெளியே பறக்கவும் வழியில்லை என்றால் கூட்டம் நிலைக்காது.

குளிர்நாடுகளில் இந்த நெருக்கடி இளவேனிலில் வருகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 1.36 கிலோ எடையுள்ள, பத்தாயிரம் அளவிலான தேனீக்களைக் கம்பிவலை அடித்த பெட்டியில் அடைத்து, இராணியைத் தனியே ஒரு சிறு கூண்டில் வைத்துத் தென் மாநிலங்களிலிருந்து வடக்கே அனுப்புகிறார்கள். அவை ஏப்ரலில் போய்ச் சேரும்போது அங்கே பனி முழுவதும் விலகியிருக்காது. வெளிவெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அங்குள்ள இனத் தேனீ பெரும்பாலும் பறப்பதில்லை; ஒன்றோடொன்று நெருங்கித் திரளாகி, சிறகை அசைக்காமல் சிறகுத் தசைகளை மட்டும் நடுக்கி வெப்பம் உண்டாக்குகிறது. அந்த வெப்பத்துக்கு எரிபொருள் சர்க்கரை. அதே வெப்பம் இல்லாமல் மெழுகும் சுரக்காது, 33 முதல் 36 டிகிரி வரை தேவைப்படும் புழுக்களும் வளராது. ஊட்டும் பாகு திரளிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தாலே குளிரில் விறைத்த தேனீ அதை எட்டுவதில்லை என்பதால், அந்நாட்டவர் பாகுக் கலத்தைத் திரளுக்கு மிக அருகிலேயே வைத்து, வாயிலையும் குறுக்கிவிடுகிறார்கள். அங்கே புதுக்கூட்டம் பட்டினியால் சாகும்போது பழி குளிரின் மேல் விழுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் இத்தகைய குளிர் கிடையாது. (வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வடலூருக்கு அருகில் உள்ள வேறு ஊர், இங்கே பேசப்படுவது மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி.) மார்கழி விடியலிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆனால் மதுராந்தகம் ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது, தேனீக்கு நேர்வது அமெரிக்க இளவேனிலில் நேர்வதேதான்: வெளியே போக முடியாது, போனாலும் பூவில் ஊறும் இனிப்பு நீராகிய மதுரம் மழையில் கரைந்திருக்கும், மகரந்தம் நனைந்து கழுவப்பட்டிருக்கும். ஒரு வகையில் இங்குள்ள நிலைமை கூடுதலாகவே கடினமானது. கடுங்குளிரில் இராணி முட்டையிடுவதை நிறுத்திவிடுவதால் திரண்டிருக்கும் கூட்டத்தின் செலவு குறைகிறது. மிதமான வெப்பமுள்ள கருங்குழியில் இராணி இட்டுக்கொண்டே இருக்க, வரவு நின்றபின்னும் புழுக்களின் வாய் மூடுவதில்லை. பசி முற்றினால் பணித்தேனீக்கள் முதலில் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தின்று தீர்க்கின்றன. பிறகு ஒருநாள் வெயில் அடித்ததும் கூட்டம் முழுவதும் பெட்டியைக் கைவிட்டுப் பறந்துவிடுகிறது. வளர்ந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து பாதி வெளியேறுவது இனப்பெருக்கம். இது அதனின்று வேறுபட்டது, பிழைப்புக்காக ஊரையே காலி செய்வது. இந்தியத் தேனீக்கு, அதாவது பொந்துகளில் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீக்கு, இந்தப் பழக்கம் இத்தாலியத் தேனீயைவிட மிக அதிகம்.

இந்தத் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்கும் முறை தென்னிந்தியாவில் ஊன்றியதற்கு, 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்து, அதன் உடல் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்த அருட்தந்தை நியூட்டன் ஒரு முதற்காரணம். ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறையோடு அவர் பெயரால் வழங்கும் நியூட்டன் பெட்டியே இன்றும் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியாக இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். மார்த்தாண்டம் உள்ள குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் துளிர்க்கும் மாசி, பங்குனி தேன் காலம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடியில் அங்கே சர்க்கரைப் பாகு ஊட்டுகிறார்கள். அந்த நாட்காட்டியை அப்படியே கருங்குழிக்குக் கொண்டுவருவது பிழை. இங்கே பாகின் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும்தான்; தேவையானால் மார்கழியின் முற்பகுதியும் சேரும்.

புதுக்கூட்டம் இரண்டு வழிகளில் பெட்டிக்கு வருகிறது. கிளையில் தொங்கும் பிரிகூட்டத்தைப் பிடித்து வந்தால் அது வெறுங்கையோடு வரும். மரப்பொந்திலோ பழஞ்சுவரிலோ உள்ள கூட்டைப் பெயர்த்தால் அடைகளும் கிடைக்கும். அந்த அடைகளில் தேன் உள்ள மேற்பகுதியை வெட்டி நீக்கி, முட்டையும் புழுவும் உள்ள பகுதியை மட்டும் சட்டத்தின் மேல்கட்டைக்குப் பொருந்துமாறு நிறுத்தி, வாழை நாரால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவது வழக்கம். நார் தளர்ந்தால் அடை சரியும். இறுக்கினால் மெழுகை அறுத்துக்கொண்டு புழு அறைகளுக்குள் இறங்கும். சில நாள்களில் தேனீக்கள் அடையைக் கட்டையோடு மெழுகால் ஒட்டிவிட்டு, தேவையற்றுப்போன நாரைக் கடித்து நூல்நூலாக வாயிலுக்கு வெளியே தள்ளுகின்றன. பெட்டிக்கு முன்னால் நார்த்துகள் கிடப்பதைக் கண்டால் கூட்டம் தங்க முடிவுசெய்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இராணி உள்ளே போனாளா என்பதே முதல் மாலையின் ஒரே கேள்வி. அவள் போயிருந்தால், பணித்தேனீக்கள் வாயிலில் வயிற்றை உயர்த்திச் சிறகை விசிறி மணம் பரப்பி மற்றவற்றை அழைக்க, வெளியே நிற்பவை ஊர்வலமாக நுழைகின்றன.

பெட்டியைக் கிழக்கு நோக்கி வைப்பது நூல்கள் சொல்லும் முறை. வடகிழக்கிலிருந்து வாடை சாரலை அள்ளிவரும் இந்தக் கரையோர மாவட்டத்தில், வாயிலைத் தென்கிழக்காகச் சற்றே திருப்புவதும், தண்ணீர் உள்ளே தேங்காதபடி பெட்டியை முன்புறம் சிறிது சாய்த்து வைப்பதும் பொருத்தம். தென்னைக்கு நேர் கீழே வைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. விழும் மட்டைக்குத் தேனீயைத் தெரியாது. எறும்பு ஏறாதிருக்கத் தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். மழைக்காலத்தில் கிண்ணத்தில் விழும் ஓர் இலை எறும்புக்குப் பாலமாகிவிடுவதால், கிண்ணத்தைத் தினமும் பார்க்கத்தான் வேண்டும். வேடந்தாங்கலுக்கு வரும் நீர்ப்பறவைகளால் தேனீக்கு ஆபத்தில்லை. மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பஞ்சுருட்டான்தான் பறக்கும் தேனீயைக் கொத்துகிறது.

பாகு செய்வதில் நுட்பம் எதுவும் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்தபின் அதே எடைச் சர்க்கரையைக் கரைத்து, முழுவதும் ஆறவிட்டு, ஒரு கொட்டாங்கச்சியில் (மார்த்தாண்டத்தார் சிரட்டை என்பார்கள்) ஊற்றி, தேனீக்கள் மூழ்காதிருக்க மெல்லிய குச்சிகளையோ வைக்கோல் துண்டுகளையோ மிதக்கவிட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள் அடையை ஒட்டி வைப்பதே முறை. வளர்ந்த கூட்டத்துக்கு வாரத்துக்கு 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர் என்பது இங்கே வழங்கும் பொதுக்கணக்கு. கையிருப்பற்ற புதுக்கூட்டத்துக்கு அதை ஓரிரவில் கொட்டாமல் பல இரவுகளாகப் பிரித்து வைப்பது நல்லது. ஒரே நாளில் ஊட்டினால் அது புளிக்கும், சிந்தும். சிந்திய பாகின் வாசனை அண்டைக் கூட்டங்களைத் திருட்டுக்கு அழைத்துவிடும்; பல பெட்டிகள் உள்ள இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மாலையில் வைப்பதும் இதனால்தான். சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ பனைவெல்லமோ கரைப்பது இயற்கையானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவற்றிலுள்ள தாதுக்களும் கசடும் வெளியே பறந்து கழிக்க இயலாத மழைநாளில் தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. வேறு கூட்டின் தேனை ஊட்டுவது இதைவிடக் கேடு. 1991–92இல் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்ததை நேரில் கண்ட வளர்ப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டுக்குக் கூடு உணவை மாற்றுவது அத்தகைய நோய்க்கு வழி திறந்துவிடுவதாகும்.

பாகு தருவது ஆற்றலை மட்டும். புழு வளரப் புரதம் வேண்டும், அது மகரந்தத்தில் உள்ளது. இந்த வட்டாரத்துக்கு வாய்த்த நற்பேறு தென்னை. ஆண்டு முழுவதும் பாளை விரிக்கும் அது, இரண்டு மழைகளுக்கிடையே அரைமணி வெயில் கிடைத்தாலும் மகரந்தம் தருகிறது.

முட்டை பணித்தேனீயாக வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. அது கூட்டுவேலைகளை முடித்து இரைதேடப் புறப்பட மேலும் இரண்டு, மூன்று வாரம் பிடிக்கிறது. ஆகவே தை, மாசியில் மாவும் கடலோர முந்திரியும் பூத்து, மதுராந்தகம் பக்கத்துத் தர்ப்பூசணிக் கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்ந்து தேனீயை எதிர்பார்க்கும்போது, அங்கே பறக்க வேண்டிய தேனீக்கள் கார்த்திகை, மார்கழியில் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை. மழையில் கொட்டாங்கச்சியை நிரப்பாதவர், பூக்காலத்தில்தான் கூட்டத்தை வளர்க்கத் தொடங்குவார். கூட்டம் வளர்ந்து முடியும்போது பூ தீர்ந்திருக்கும்.

மாம்பூ விரிந்து, புழு அறைக்கு மேலே தேன் அறையை ஏற்றும் நாளுக்கு முன்பே கொட்டாங்கச்சி வெளியே வந்துவிட வேண்டும். அதன் பிறகும் பாகு ஊட்டி எடுப்பதைத் தேன் என்று விற்பது கலப்படம்.