ஐ7 ஸ்டிக்கரா, 16 ஜிபி ரேமா? கம்பைல் பண்ண எந்த லேப்டாப்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து மாமா பையன் போன் பண்ணினான். இந்த வருஷம்தான் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கான். "அண்ணா, கடையில ரெண்டு லேப்டாப் காட்டுறாங்க. ஒண்ணு ஐ7, 8 ஜிபி ரேம், ரொம்ப மெல்லிசு. இன்னொண்ணு ஐ5, 16 ஜிபி, கொஞ்சம் தடி. ரெண்டும் ஒரே விலைதான். ஐ7 தானே பெருசு?"

அது மாமா தக்காளி வித்த காசு. தப்பா வாங்கினா நாலு வருஷம் அதோடதான் குப்பை கொட்டணும். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்றேன்.

தமிழ்நாடு அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நான் தர்மபுரியில் பிளஸ் டூ படிச்சப்போ அதில் கிடைச்சதுதான் எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். 2 ஜிபி ரேம். சி புரோகிராம் கத்துக்க அது தாராளம். ஆனா காலேஜ் மூணாவது வருஷம் ஒரு பெரிய சி++ புராஜெக்டை அதில் கம்பைல் பண்ணப் பார்த்தேன். வேகமா முடியட்டும்னு 'மேக்' கட்டளையில் '-ஜே4' போட்டேன். கொஞ்ச நேரத்தில் மௌஸ்கூட நகரலை. கடைசியில் திரையில் 'கில்டு'ன்னு ஒரே வார்த்தை. புராசஸர் போதலைன்னு நினைச்சேன். உண்மையில் போதாதது ரேம்.

'-ஜே4' என்றால் ஒரே நேரத்தில் 4 வேலை ஓடும். கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி யோசிங்க. கோர்கள்தான் சமையல்காரர்கள், ரேம் சமையல்கட்டு. ஆள் எத்தனை இருந்தாலும் நிற்க இடம் வேணுமே? டெம்ப்ளேட் நிறைய இருக்கும் ஒரு சி++ ஃபைலே 1 ஜிபிக்கு மேல் சாப்பிடலாம். எல்லாம் முடிஞ்சு லிங்கர் வரும்போது இன்னொரு பெரிய பசி. ரேம் நிறைஞ்சதும் லினக்ஸ் டிஸ்க்கைத் துணைக்குக் கூப்பிடும், எல்லாம் ஆமை வேகமாகும். அதுவும் பத்தலைன்னா ஏதாவது ஒரு புராசஸைக் கொன்னுடும்.

அடுத்தது சூடு. ஐ7 ஸ்டிக்கரை விட மாடல் நம்பரின் கடைசி எழுத்து முக்கியம். ஐ7-1255யூ 15 வாட் அடிப்படையில் ஓடும், 10 கோர். ஐ5-12500ஹெச் 45 வாட், 12 கோர். ரெண்டு நிமிஷ வேலைக்கு வித்தியாசம் பெருசா தெரியாது. அரை மணி நேரக் கம்பைலில், அதுவும் நம்ம ஊர் மே மாசத்தில், மெல்லிசு லேப்டாப் சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கும்.

கம்பைலருக்கு கிராபிக்ஸ் கார்டால் பயனில்லை. கேமும் ஏஐ மாடலும் வேண்டாம்னா அந்தக் காசை ரேமில் போடுங்க. எஸ்எஸ்டி கட்டாயம்.

அதுக்காக 64 ஜிபிக்குப் போகவும் வேண்டாம். முழு ஆண்ட்ராய்டு இயங்குதளத்தையே பில்டு பண்றவங்களுக்குத்தான் கூகுள் 64 ஜிபி கேட்குது. அதிலும் 6 கோர் மெஷினில் சுமார் 6 மணி நேரம் ஆகும்னு அவங்களே சொல்றாங்க. ஒரு ஆப் எழுத 16 ஜிபி போதும்.

கடையில் ரெண்டே கேள்வி கேளுங்க: "ரேம் போர்டோட சால்டர் பண்ணதா, ஸ்லாட் இருக்கா? எஸ்எஸ்டியை மாத்த முடியுமா?" ஸ்லாட் இருந்தா, ரெண்டு வருஷம் கழிச்சு ரேமை மட்டும் கூட்டிக்கலாம்.

ஏற்கனவே 8 ஜிபி வாங்கிட்டீங்களா? கவலை வேண்டாம். '-ஜே2' போடுங்க, பிரவுசரை மூடுங்க, 'சிகேஷ்' நிறுவுங்க. மாறாத ஃபைலை அது திரும்பக் கம்பைல் பண்ண விடாது.

மாமா பையன் தடி லேப்டாப்பையே வாங்கிட்டான். ஒரு ஸ்லாட் காலியா இருக்காம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்!