கஞ்சியோடு போகும் சத்து

சிக்கனம் என்றவுடன் நம்மவரிற் பலருக்கு ஞாபகம் வருவது, கடைக்குப் போகாமலிருப்பதும் காசை முடிந்து வைப்பதுமே. வாங்கி வந்த பண்டத்தை அடுப்பங்கரையில் எவ்வளவு வீணாக்குகிறோம் என்று கணக்குப் பார்ப்பவர் வெகு சிலர். தேக புஷ்டிக்கென்று டப்பாக்களில் அடைத்து விற்கும் மாவுகளுக்கு மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுக்கும் குடும்பங்களிலேயே, அரிசியின் சத்து மூன்று தடவை வீட்டை விட்டு வெளியேறுகிறது. ஆலையில் தவிட்டோடு ஒரு பங்கு போய்விடுகிறது. களைந்த நீரோடு ஒரு பங்கு போகிறது. மிஞ்சியதிலும் ஒரு பங்கு வடித்த கஞ்சியோடு சாக்கடையிற் சேருகிறது.

முன்னாளில் கழுநீரும் கஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போய்ப் பாலாகத் திரும்பி வந்தன. இன்று பட்டணத்து மாடி வீட்டில் மாட்டுக்கு எங்கே போவது?

தவிட்டின் அருமையை உலகத்திற்கு உணர்த்தியவை சில கோழிகள் என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். 1890-களில் ஜாவாவிலுள்ள பட்டேவியா நகரில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், பெரிபெரி என்னும் நோயின் காரணத்தைத் தேடிக் கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தீட்டாத அரிசியைப் போட்டதும் எழுந்து நடந்தன. வெள்ளைச் சோற்றில் ஏதோ விஷம் இருப்பதாகவே ஐக்மன் முதலில் எண்ணினார். அதில் இருந்தது விஷமல்ல, இல்லாமற் போனதே நோய்க்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. அவ்வாறு இல்லாமற் போன பொருளையே இப்போது வைட்டமின் பி1 என்கிறோம். 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆராய்ச்சிக்கு வெகு காலம் முன்பே நம் நாட்டார் நெல்லைப் புழுக்கி உலர்த்திக் குத்தினார்கள். புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்தில் ஒரு பகுதி பருக்கையின் உள்ளே இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தீட்டிய பச்சரிசியில் இருப்பதைப் போல ஏறக்குறைய மும்மடங்கு பி1 தீட்டிய புழுங்கலரிசியில் இருக்கிறது. ஆகவே தினசரிச் சோற்றுக்குப் புழுங்கலே மேல். இதற்கு ஒரு காசும் அதிகம் செலவில்லை.

அரிசியை ஒரு முறை, அழுக்கிருந்தால் இரு முறை, அலசினாற் போதும். தண்ணீர் தெளியும் வரை தேய்த்துத் தேய்த்துக் களைய வேண்டாம். அரை மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரிலேயே, வற்றும் அளவுக்கு அளந்து விட்டு மூடி வேகவைத்தால் சத்தும் தங்கும், எரிவாயுவும் மீதமாகும். வடித்தே தீர வேண்டுமென்போர் அந்தக் கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம். குழம்பிலோ ரசத்திலோ சேர்க்கலாம்.

வடித்த சோறுதான் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஒரு வாதம் உண்டு. வடிப்பதாற் சிறிது மாவு கரைந்து போவது மெய்யே. ஆயினும் மாவின் பெரும்பங்கு பருக்கையிலேயே இருக்கிறது. அந்த வியாதியஸ்தர்கள் குறைக்க வேண்டியது கஞ்சியையல்ல, இலையிலிடும் சோற்றின் அளவை. குறைத்த இடத்தைக் கீரையும் பருப்பும் நிரப்பட்டும். முருங்கைக் கீரைக்குக் கிராமத்தில் விலையே கிடையாது.

தஞ்சாவூரிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934-ல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் காரியதரிசியாயிருந்து, தீட்டாத அரிசிக்காக ஓயாது வாதாடினார். உரலும் உலக்கையும் மறுபடி வீடுதோறும் வரவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அந்த உழைப்பெல்லாம் ஸ்திரீகளின் தோள்மீதே விழுந்தது. அதைத் தேகாப்பியாசம் என்று புகழ்வதற்கு நமக்கு மனம் வரவில்லை. உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் இயந்திரங்கள் இன்று உண்டு.

எனினும் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். குறைவாகத் தீட்டிய அரிசிக்கு வேலை குறைவு. கடையிலோ அதற்குப் பெரும்பாலும் விலை அதிகம்! தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அவ்வரிசி சீக்கிரம் சிக்கு நாற்றமடிக்கும், வண்டு விழும், வாங்குவோரும் சிலரே, ஆகையால் வியாபாரி விலையை ஏற்றுகிறார். ஏழை தவிடு நீங்கியதைத் தின்பதும் தனவந்தர் தவிட்டோடு கூடியதைத் தேடி வாங்குவதும் இதனால் வந்த நிலைமை. வாங்குவோர் பதினைந்து நாளைக்கு வேண்டிய அளவே வாங்கினால் கெடாது.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2023-ல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் கூடத் தேறாது. கேழ்வரகுக்குச் செய்ததைத் தீட்டாத புழுங்கலரிசிக்கும் செய்யலாகாதா? கட்டாயம் வேண்டாம். கேட்கும் குடும்பத்துக்கு மட்டும், மாதம் 2 கிலோ, புதிதாக அரைத்ததாகக் கொடுத்துப் பார்க்கட்டும்.