சபாக் ஆற்றங்கரையில் அப்பாவோடு

காலை நிகழ்ச்சியில் வானிலை அறிவிப்பு வாசிப்பதும் என் வேலைதான். “வெயில் கடுமையாக இருக்கும். நிறைய தண்ணீர் குடியுங்கள். முதியவர்களை நண்பகலில் வெளியே அழைத்துச் செல்லாதீர்கள்” என்று எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். அதே நான்தான், போன பள்ளி விடுமுறையில் 71 வயது அப்பாவைப் பகல் பதினொரு மணிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு சபாக்குக்குக் கிளம்பினேன்.

கூடாரம் போட்டு ஒரு ராத்திரியாவது வெளியில் தூங்க வேண்டும் என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். மலைப்பக்கம் என்றாலே அம்மா கையை ஆட்டிவிடுவார். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்த செய்தியை அவர் இன்னும் மறக்கவில்லை. அப்பாதான் வழி சொன்னார். “சபாக் போவோம். அங்க மலையும் இல்ல, மண்ணும் சரியாது.” பெர்ணம் ஆற்றோரத்தில் இருந்த ஒரு தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். பதினெட்டு வயதில் வேலை தேடி வெளியேறியவர், அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை.

நான், மகன், அப்பா, என் தம்பி. நாலு பேர், ஒரு கார்.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். பத்தாங் பெர்ஜுந்தாய் என்றால்தான் அவருக்கு அந்த ஊர். பக்கத்தில் இருக்கிற தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டார். பிற்பாடு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். “செம்பனைக்குத் தாய்வீடு, பேரு மட்டும் தென்னமரம்” என்று அப்பா சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் நன்றாகப் பேசியது அதுவரைக்கும்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குரங்குகளுக்காக மகன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். கம்போங் குவாந்தான் மின்மினிகளை இன்னொரு நாள் பார்ப்போம் என்று சமாதானம் சொல்லி வண்டியை எடுத்தோம். தஞ்சோங் காராங் தாண்டி செகிஞ்சான் வந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், நிழலுக்கு ஒரு மரமில்லை. ‘படத்துக்கு நல்ல இடம்’ என்று வெயிலில் அப்பாவை நிறுத்தி நான்கைந்து எடுத்தோம். அதில் ஒன்றில்கூட அவர் சிரிக்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

வழி நெடுக அவர் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம். வயதானவர்களோடு நெடுந்தூரம் போன எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். “குடிங்கப்பா” என்று பாட்டிலை நீட்டினேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஆற்றங்கரை. உறவுக்காரர் ஒருவர் கம்பத்துக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தார். மண் கட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி, பாய் விரித்ததுபோல் சமமான புல்தரை. நானும் தம்பியும் கூடாரத்தை அங்கேயே அடித்தோம். உள்ளே தலையை விட்டால் அடுப்பில் விட்டது போலிருந்தது. அப்பா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பற்றி எங்களில் விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மகன் ஓடிவந்து, “தாத்தா, முதல இருக்கா?” என்று கேட்டான். அப்பா அவனைத் தன் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது.

எனக்குக் கை கால் உதறிவிட்டது. தொட்டால் உடம்பு கொதித்தது. நம் கடலோர வெயிலின் சூது இதுதான். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழியும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? தம்பி சட்டையைக் கழற்றி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தான். நான் கார் குளிர்சாதனத்தை முழுதாகத் திறந்துவிட்டு மருத்துவமனைக்கு விரட்டினேன். வெயிலில் பேச்சு தடுமாறினால் ‘கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக்கூடாது. உடனே 999, இல்லையென்றால் நேராக மருத்துவமனை. இதையும் வானொலியில் சொல்லியிருக்கிறேன்.

நரம்பில் நீர் ஏற்றினார்கள். மருத்துவர் முதலில் கேட்டது, “என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” ரத்த அழுத்தத்துக்கு அப்பா தினமும் சாப்பிடுவதில் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. உடம்பிலிருந்து அது தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருக்க, இவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார். வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று வழக்கமான மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். மெட்மலேசியா 35 பாகைக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்தால்தான் முதல் நிலை எச்சரிக்கை விடும். அன்றைக்கு அந்த வட்டாரத்துக்கு எச்சரிக்கையே இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு அப்பா தெளிந்து, “கூடாரம் என்னாச்சு?” என்றார்.

கூடாரம் ஆற்றில் நின்றுகொண்டிருந்தது. சபாக்கில் பெர்ணம் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும், ஒரு நாளைக்கு இரண்டு முறை. அன்றைக்குப் பௌர்ணமிக்கு மறுநாள், ஏற்றம் பெரிது. எங்கள் அழகான புல்தரை முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பைகளையும் அடுப்பையும் தூக்கிக் கட்டின் மேல் வைத்திருந்தார். “ஆயர் பாசாங்” என்றார், எங்களைக் குறை சொல்லாமல். முதலை இருக்கும், கரையில் காலைக்கூட நனைக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிரவு சுங்கை பெசாரில் அறை எடுத்தோம்.

“அங்கதான் தண்ணி ஏறும்னு தெரியும்மா. சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல” என்றார் அப்பா, மறுநாள் காலையில்.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் போனோம். அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரமாயிற்று. மாத்திரை விவரம் முதலிலேயே மருத்துவரிடம் பேசியாகிவிட்டது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். மணிக்கு ஒரு முறை வண்டி நிற்கும், யாருக்கும் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்பா கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, அவர் பாட்டில் செகிஞ்சானிலேயே காலி. பகல் முழுக்க மரத்தடியில் பாயில் கிடந்தோம். கூடாரத்தைச் சாயங்காலம் வரை பையிலிருந்து எடுக்கவே இல்லை. இடத்தை அப்பா காட்டினார், கட்டுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் மேடான இடம். கொசு மட்டும் யாரையும் விடவில்லை.

இருட்டும் முன் அவர் ஒரு குச்சியை ஒடித்து, கட்டுச் சரிவில் தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே குத்தினார். சின்ன வயதில் அண்ணனும் அவரும் அப்படித்தான் செய்வார்களாம். மகன் கட்டின் மேல் நின்றபடி அரை மணிக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்பது மணிக்குத் தண்ணீர் குச்சியைத் தொட்டது. பத்தரைக்குக் குச்சியே காணோம்.

“தாத்தா, குச்சி போச்சு!”

“போவட்டும்” என்றார் அப்பா, பாயில் புரண்டு படுத்தபடி. “காலைல திருப்பிக் குடுத்துரும்.”