நம்பிக்கையே முதல்

முதல் இல்லாமல் தொழில் இல்லை என்பார்கள். ஆனால், பிறருடைய பணத்தைப் பெற்றுத் தொழில் தொடங்க விரும்பும் முயற்சியாளரிடம் அதற்கு முன்பே இருக்க வேண்டிய ஒன்று உண்டு. அதுவே நம்பகத்தன்மை. புதிய தொழிலுக்குக் காட்டுவதற்குக் கடந்த வருடக் கணக்கறிக்கை கிடையாது. அப்படியானால் முதலீட்டாளர் எதை நம்பிப் பணம் தருவார்?

சான் பிரான்சிஸ்கோ நகரில், வாடகை கட்டச் சிரமப்பட்ட இரு இளைஞர்கள், 2007 ஒக்டோபரில் தம் வீட்டில் காற்று மெத்தைகளை விரித்து, மாநாடொன்றுக்கு வந்த மூவரைக் கட்டணத்துக்குத் தங்க வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததே 'எயார்பிஎன்பி'. 2008 இல் 150,000 டொலர் திரட்ட அவர்கள் அணுகிய ஏழு முதலீட்டாளர்களில் ஐவர் மறுத்தனர். இருவர் பதிலே அனுப்பவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. தேர்தல் காலமாகையால் வேட்பாளர்களின் படமிட்ட தானிய உணவுப் பெட்டிகளைத் தலா 40 டொலருக்கு விற்று, சுமார் 30,000 டொலர் சேர்த்தார்கள். 'வை கொம்பினேட்டர்' நிறுவனத்தின் போல் கிரஹாமுக்கு அவர்களது யோசனை பிடிக்கவில்லை. எனினும், பெட்டி விற்றுத் தாக்குப்பிடித்த உறுதியைக் கண்டு அவர்களை ஏற்றுக்கொண்டார். பேச்சு தராத நம்பிக்கையைச் செயல் தந்தது.

இதற்கு மாறானது 'தெரானோஸ்' கதை. எலிசபெத் ஹோம்ஸ் தமது 19 ஆவது வயதில், 2003 இல் தொடங்கிய நிறுவனம் அது. சில துளி இரத்தத்தில் பல பரிசோதனைகள் செய்யலாம் என்றார். ஹென்றி கிசிங்கர் போன்ற பிரமுகர்கள் பணிப்பாளர் சபையில் இருந்தார்கள். நிறுவனத்தின் பெறுமதி 9 பில்லியன் டொலராக மதிக்கப்பட்டது. ஆனால் இயந்திரம் சொன்னபடி இயங்கவில்லை. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022 இல் அவருக்குப் பதினொரு வருடங்களுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெரிய பெயர்கள் நம்பிக்கையை இரவல் தரலாம், சான்றுக்கு ஈடாகா.

நம்மில் பலருக்கு முதல் முதலீட்டாளர் உம்மாவும் வாப்பாவும்தான். கேக் செய்யவோ தைக்கவோ உம்மாவின் சீட்டுப் பணத்தைக் கேட்குமுன், பத்துப் பேருக்கு விற்றுப் பார்த்த கணக்கை ஒரு கொப்பியில் எழுதுவோம். மாவு, சீனி, மின்சாரம், நமது உழைப்பு எல்லாம் அதில் வரட்டும். நட்டம் வந்தால் எவ்வளவு போகும் என்பதையும் மறைக்காமல் சொல்வோம்.

பெற்றோரே, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் தொழில்?" என்று கேட்காதீர்கள். "கணக்கைக் காட்டுங்க மகள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிப் பழகியவள், நாளை வங்கி முகாமையாளர் முன்னிலையிலும் தடுமாற மாட்டாள்.