எடை இருக்கட்டும், எங்கே கட்டுகிறீர்கள்?

விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் சைக்கிளில் தண்ணீர் எடுத்துவருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். கேரியருக்கு இரண்டு பக்கமும் கயிற்றில் சுருக்குப் போட்டு பிளாஸ்டிக் குடங்களைத் தொங்கவிடுகிறார்கள். ஒரு குடம் ஏறக்குறைய 15 லிட்டர். நான்கு குடம் என்றால் 60 கிலோ. ஒரு ஆளையே பின்னால் ஏற்றியது போன்ற எடை. ஆனாலும் வண்டி ஆடாமல் வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் எடை சமம், குடங்கள் கேரியர் மட்டத்துக்குக் கீழே, கழுத்து வரை தண்ணீர். அரைக்குடமாக இருந்தால்தான் தண்ணீர் உள்ளே அலைந்து வண்டியை இழுக்கும்.

மார்கழி, தை மாதங்களில் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்துக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தையல்காரர் தொடங்கிய பயணம்

கூடாரப் பயணத்தை ஒரு இயக்கமாக்கியதே சைக்கிள்தான். லண்டனில் தையல் தொழில் செய்த தாமஸ் ஹிராம் ஹோல்டிங், 1890-களில் நண்பர்களோடு அயர்லாந்தில் சைக்கிளில் கூடாரப் பயணம் போனார். 1901-இல் சைக்கிள் கூடாரப் பயணிகளுக்கான சங்கம் உருவாக அவரே காரணம். துணியின் எடை தெரிந்த தையல்காரர் என்பதால், மடித்தால் சின்ன மூட்டையாகும் கூடாரங்களைத் தாமே வடிவமைத்தார்.

பாரம் ஏற்றுவதில் மறுகோடி வியட்நாம். 1954 தியன் பியன் பூ போரின்போது வியட்நாமியர்கள், ஹேண்டில் பாரில் மூங்கில் கட்டி நீட்டிய சைக்கிள்களில் 200 கிலோவுக்கும் மேல் ஏற்றிப் போனார்கள். ஆனால் யாரும் அதை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார்கள். சைக்கிள் எவ்வளவும் தாங்கும். அதை மிதித்துப் போகவும் வேண்டும் என்றால்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எது எங்கே?

சீட்டில் உட்கார்ந்ததுமே ஆளின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. மூட்டை முழுவதையும் கேரியரில் கட்டினால் பின் ரிம்மும் ஸ்போக்ஸ் கம்பியும் அடிவாங்கும். முன்சக்கரம் லேசாகி, மேடு ஏறும்போது ஹேண்டில் பார் அலையும். கனமான சாமான்களைப் பிரித்து, கொஞ்சத்தை முன்பக்கம் கொண்டுவர வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய பாரம். அது நடுவே, பெடலுக்கு மேலுள்ள முக்கோணச் சட்டத்துக்குள் இருக்கட்டும். ஸ்பானர், பம்ப் போன்றவை கேரியரின் இரு பக்கப் பைகளில், அடியில். பையைச் சற்றுப் பின்தள்ளிக் கட்டாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும். கூடாரக் கம்புகளை பாரோடு சேர்த்துக் கட்டலாம். போர்வை, மாற்றுத்துணி போல எடையில்லாமல் இடம் அடைப்பவை மட்டும் கேரியரின் மேலே. மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும், தூறல் விழும்போது மூட்டையைப் பிரிக்க முடியாது.

கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் அறுத்த ரப்பர் பட்டையே போதும். கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும். ரப்பர் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும்.

இது நம்ம ஊர் குளிர்

இமயமலைக்குப் போகிறவர்களின் பட்டியலைப் பார்த்து தடித்த தூக்கப்பை வாங்க வேண்டாம். இங்கே ஜனவரி இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். ஒரு கம்பளிப் போர்வை, தரை ஈரம் ஏறாமல் ஒரு விரிப்பு போதும். கவலைப்பட வேண்டியது டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையைப் பற்றித்தான். பைகளுக்குள் பிளாஸ்டிக் தாள் கொடுத்து அடுக்குங்கள். நனைந்த கம்பளி சும்மா எடை கூட்டும்.

மழை பெய்த கரிசல் மண் இன்னொரு சோதனை. டயரில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, கடைசியில் சக்கரமே சுற்றாது. சாமான் ஏற்றிய வண்டியைத் தூக்கவும் முடியாமல் குச்சியை வைத்து மண்ணைத் தோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கரிசல் காட்டுப் பாதையைத் தவிர்த்து, தார் ரோட்டை ஒட்டிய தோப்பில் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு தங்குவது நல்லது. சீமைக்கருவேல முள் இல்லாத ஓரமே இங்கே இல்லை. மாற்று டியூப் மூட்டைக்கு அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு வேண்டாம்

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே, காட்டுவெளியில்தான் இருக்கின்றன. ஆளரவம் இல்லாத நல்ல இடம் என்று நினைத்துக் கூடாரம் அடிக்கும் இடத்துக்கு அடுத்த வேலிக்குள் வெடிமருந்து அறை இருக்கலாம். அந்தப் பக்கம் தங்கவும் கூடாது, தீ மூட்டவும் கூடாது. மேற்கே மலைக்காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால்வைக்க முடியாது. ரயிலில் சைக்கிளைப் போட்டு வருகிறவர்கள் கேஸ், மண்ணெண்ணெய் கொண்டுவரவும் தடை.

அடுப்பை விட்டுவிடுவதால் ஒரு லாபமும் உண்டு. எரிபொருள், பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாமே மூட்டையிலிருந்து இறங்கிவிடும். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, இடையில் ஊருக்கு ஊர் டீக்கடை என்று இருக்கும்போது சமையலறையைச் சுமந்து போவானேன்?

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையே எல்லாவற்றையும் கட்டி, சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வரை ஒருமுறை போய்வாருங்கள். வேகத்தடையில் எது குதிக்கிறது, திருப்பத்தில் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பை காலில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து அவிழ்த்து மறுபடி கட்டுவது அரைமணி நேர வேலை. அதையே நடுரோட்டில் இருட்டில் செய்தால் பொழுது விடிந்துவிடும்.